உண்ணிச்செடி போட்ட கோடுகள்

வண்டியில் முதல் கீறல் விழுந்ததைச் சொன்னபோது அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டார். "விடுடா, திருஷ்டி கழிஞ்சதுன்னு நெனச்சுக்கோ." திருஷ்டி கழியத்தானே டெலிவரி எடுத்த அன்றே நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, பின்னால் கறுப்புக் கயிறும் கட்டினோம், அப்புறமும் என்ன பாக்கி என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. கேட்டால் கயிறை நான்தான் ஒழுங்காகக் கட்டவில்லை என்பார்.

வண்டி 2021-ல் வாங்கிய மகிந்திரா தார் ஜீப், டீசல். புக் செய்துவிட்டு மாசக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. கறுப்பு நிறம். கறுப்பு வாங்காதே, தூசிகூட எழுந்து நின்று கும்பிடும் என்று மூன்று பேர் சொன்னார்கள், மூன்று பேர் சொன்னதும் சரிதான். முதல் ஆறு மாசம் காலையில் பால் வாங்கப் போவதற்கு முன்னால் மைக்ரோஃபைபர் துணியோடு கீழே இறங்குவேன். ஆபீஸ் பார்க்கிங்கில் தூணை ஒட்டின இடம்தான் வேண்டும் என்று எட்டரைக்கே போய் நிற்பேன், ஒரு பக்கமாவது யாரும் கதவைத் திறந்து இடிக்க மாட்டார்களே. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே இரண்டு மாசம் ஆனது, அதுவும் வெயிலில் அது முதுகோடு ஒட்டிக்கொண்டதால்.

இதில் வேடிக்கை என்னவென்றால் நான் அந்த வண்டியை வாங்கினதே காட்டு வழியில் ஓட்டத்தான். 226 மில்லிமீட்டர் கிரவுண்ட் கிளியரன்ஸ் (தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி), 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம், நாலு சக்கரத்தையும் மெதுவாக, பலமாகச் சுற்றவைக்கிற ஃபோர் லோ கியர் இருக்கிறது என்றெல்லாம் மனப்பாடமாக வைத்திருந்தேன். வாங்கினபின் அது ஏறின உயரமான பாறை எங்கள் அப்பார்ட்மென்ட் ஸ்பீடு பிரேக்கர். என்னை மாதிரி நிறையப் பேர் இருக்கிறார்கள், பழைய வண்டி விற்கும் விளம்பரங்களைப் பார்த்தாலே தெரியும்: "ஒரு தடவைகூட ஆஃப்ரோடு போனதில்லை" என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். போர்வீரனுக்குப் பெண் பார்க்கும்போது, பையன் சண்டைக்கே போனதில்லை என்று தரகர் சொல்வது மாதிரி.

சரி, முதல் கீறலுக்கு வருவோம். நண்பன் ஒருவனின் மாமாவுக்குச் சிறுமலையில் தோட்டம் இருக்கிறது. காப்பி, மிளகு, கொஞ்சம் வாழை. தோட்டத்துக்குள் நாலு கிலோமீட்டர் மண்பாதை, மேலே ஒரு பழைய ஓட்டு வீடு. சொந்த நிலம், சொந்தப் பாதை என்பதால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. (இதைச் சொல்லிவிடுகிறேன், காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் வண்டியை விடுவது குற்றம். ஆள் நடமாட்டம் இல்லையே என்று இறங்குகிறவர்கள் வனத்துறை ஜீப் வந்ததும் ரேஞ்ச் ஆபீசில் கைகட்டி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.) நண்பனிடம் 1999 மாடல் மாருதி ஜிப்ஸி, அவன் முன்னால், நான் பின்னால். முதல் இரண்டு கிலோமீட்டர் ஒன்றும் இல்லை. அப்புறம் பாதை சுருங்கிக்கொண்டே போய் இரண்டு பக்கமும் உண்ணிச்செடி.

இந்தச் செடியைத் தெரியாதவர்கள் நம் மலைப்பக்கம் யாரும் இருக்க முடியாது. ரோஸும் மஞ்சளும் கலந்த குட்டிப் பூங்கொத்து, கசக்கினால் ஒரு மாதிரி காரமான வாசனை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுக்காக வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த செடி, இப்போது மலைகளில் எங்கு பார்த்தாலும் புதர் புதராக நிற்கிறது, ஆடு மாடுகூடச் சீண்டாது. அதன் தண்டு உருண்டையாக இருக்காது, நாலு பட்டையாக இருக்கும், பட்டையின் விளிம்பில் பின்பக்கமாக வளைந்த சின்னச் சின்ன முள். பார்க்கப் பெரிதாகத் தெரியாது. ஆனால் காய்ந்த தண்டு ஒன்று கதவின் மேல் உரசிக்கொண்டே போகும்போது வண்டிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குக் கேட்கிற சத்தம் இருக்கிறதே, கரும்பலகையில் நகத்தால் கீறுவதை மைக் வைத்துக் கேட்பது மாதிரி. கதவின் தகடு முழுக்க ஒரு மேளத்தோல், முள் அதில் வாசிக்கிறது. முன் சக்கரத்துக்கு மேலே இருக்கிற ஃபெண்டர் தகட்டில் ஆரம்பித்து, கண்ணாடியில் ஒரு தட்டு தட்டி, கதவு முழுக்க ஓடி, பின் விளக்கில் போய் முடியும். முடிகிறதுக்குள் அடுத்த கிளை ஃபெண்டரில் ஆரம்பித்திருக்கும்.

நான் நின்றுவிட்டேன். முன்னால் போனவன் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னாச்சு?" என்றான். "உரசுதுடா" என்றேன். அவன் ஒரு நொடி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை, நிஜமான குழப்பம்தான் இருந்தது. "ஆமா, செடி இருக்குல்ல" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டுப் போய்விட்டான். பின்னால் திரும்பவும் இடமில்லை. போனேன்.

மேலே போய் இறங்கி மொபைல் டார்ச்சில் பார்த்தால் இரண்டு பக்கமும் வரி வரியாக வெள்ளைக் கோடு, பள்ளிக்கூட நாலு கோடு நோட்டு மாதிரி. அன்று ராத்திரி அந்த ஓட்டு வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. எல்லோரும் நன்றாகச் சாப்பிட்டார்கள். நான் இரண்டு தடவை வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

ஊருக்கு வந்ததும் நேராகப் போனது ஒரு டிங்கர் பட்டறைக்கு. அங்கே பெயிண்ட் அடிப்பவர் துணியைக்கூட எடுக்கவில்லை, கட்டைவிரல் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே ஓட்டினார். நகம் எங்கேயும் மாட்டவில்லை. "மேல் கோட்டிங்தான் சார், பாலிஷ்ல போயிடும்" என்றார். அப்புறம் ஒரே ஒரு இடத்தில், கதவின் பின் ஓரத்தில், நகம் 'டக்' என்று நின்றது. "இது மட்டும் இறங்கியிருக்கு." அன்றைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. கம்பெனியில் அடித்து வருகிற மொத்தப் பெயிண்டும், துருப்பிடிக்காமல் இருக்க அடியில் ஊறப்போடுகிற கோட்டு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கண்ணாடி மாதிரி கிளியர் கோட்டு, எல்லாம் சேர்ந்தும் ஏறக்குறைய ஒரு ஜெராக்ஸ் பேப்பரின் தடிமன்தான். அந்த ஒரு பேப்பர் தடிமனில் பாதிகூட வராத கிளியர் கோட்டில் விழுந்த கீறலுக்குத்தான் நான் கோழிக்குழம்பை விட்டேன். கீறல் வெள்ளையாகத் தெரிவது பெயிண்ட் போனதால் அல்ல, கிளியர் கோட்டின் விளிம்பு உடைந்து வெளிச்சத்தைச் சிதறடிப்பதால். தண்ணீர் ஊற்றினால் மறையும், காய்ந்தால் திரும்ப வரும். கவலைப்பட வேண்டியது சாம்பல் நிறப் பிரைமரோ தகடோ தெரியும்போதுதான். தகடு தெரிந்தால் ஒரு மழைக்காலம் போதும், துரு உட்கார்ந்துவிடும்.

பாலிஷ் போடலாமா என்று கேட்டேன். "போடலாம், ஆனா திரும்பக் காட்டுக்குப் போவீங்களா?" என்றார். போவேன் என்றேன். "அப்பறம் எதுக்கு? தேய்க்கத் தேய்க்க மேல் கோட்டு குறையும் சார், வருஷத்துக்கு ஒரு வாட்டி போதும்." வருகிற காசை வேண்டாம் என்று சொல்கிற மனுஷன். இன்றுவரை அவரிடம்தான் போகிறேன்.

இந்தக் கீறல் விஷயத்தில் இரண்டு கோஷ்டி உண்டு. ஒரு கோஷ்டி வண்டி முழுக்கப் பிபிஎஃப் என்கிற பிளாஸ்டிக் தோலை ஒட்டி, அதற்குமேல் செராமிக் பூசி, அந்தச் செலவு லட்சத்தைத் தொட்டபிறகு, இனி தோலுக்குக் கீறல் விழுந்துவிடுமே என்று புதுக்கவலை பிடித்துக்கொள்வார்கள். இன்னொரு கோஷ்டி கீறலைப் பதக்கம் என்பார்கள். கழுவாத சேறும் கதவில் கோடும் இல்லாவிட்டால் உன் வண்டி ஷோரூம் பொம்மை. அமெரிக்காவில் அரிசோனா பக்கம் பாலைவனப் புதர் போடுகிற கோடுகளுக்குப் 'பின்ஸ்ட்ரைப்' என்றே பெயர், அதாவது காசு கொடுத்து வண்டியில் வரைந்துகொள்வார்களே மெல்லிய அலங்காரக் கோடு, அந்தப் பெயர். நகைச்சுவையாக வைத்த பெயர்தான், ஆனால் நாளாக ஆக அதைப் பெருமையாகவே சொல்கிறார்கள். எனக்கு இரண்டு கோஷ்டி மேலும் சந்தேகம் உண்டு. முதல் கோஷ்டியில் நான் இருந்தேன், அதனால் அதன் பைத்தியக்காரத்தனம் தெரியும். இரண்டாவது கோஷ்டியைப் பற்றிய சந்தேகம் வந்தது சூரியநெல்லியில்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருக்கிறது, ஆனால் வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளத்துக்குள் போய்ச் சூரியநெல்லி வழியாகத்தான் ஏற வேண்டும். 7,000 அடிக்கு மேலே தேயிலைத் தோட்டம், சூரிய உதயம் பார்க்க விடியற்காலையில் வரிசையாக ஜீப் ஏறும். சொந்த வண்டியை விடமாட்டார்கள், அந்த ஊர் ஜீப்தான். நானும் என் கறுப்பு வண்டியைக் கீழே மரத்தடியில் பறவை எச்சம் விழாத இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டு ஒரு பழைய மகிந்திரா ஜீப்பில் ஏறினேன். ஓட்டுநர் தமிழர்தான், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாலு மணி இருட்டில் கிளம்புவதற்கு முன்னால் டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றினார். பாடியில் ஒரு இடத்தில்கூட வெளிச்சம் படவில்லை. குனிந்து ஸ்பிரிங் பட்டை, பிரேக் ஹோஸ், டயரின் பக்கச் சுவர், அடியில் எண்ணெய் ஏதாவது சொட்டியிருக்கிறதா என்று தரை. அவ்வளவுதான்.

பாதையைப் பற்றி எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும். கல், கல்லுக்குமேல் கல், ஒரு பக்கம் சரிவு. மேலே போய் அவர் டீ குடிக்கும்போது கேட்டேன். "அண்ணே, இந்தக் கீறலெல்லாம் பாத்தா ஒங்களுக்குக் கஷ்டமா இருக்காதா?"

"கீறலா? எங்க?" என்று நிஜமாகவே திரும்பிப் பார்த்தார். கதவே இல்லாத அந்த ஜீப்பின் பக்கவாட்டு முழுக்கக் கீறல்தான். அவர் கண்ணுக்கு அது தெரியவே இல்லை. ஆனால் பின்பக்கம் இடது மூலையில் ஒரு சொட்டை இருந்தது, கால்பந்தைப் பாதியாக வெட்டி அழுத்தின மாதிரி. அதைக் காட்டினேன். முகம் மாறிவிட்டது. "அது எம் மச்சான் ஓட்டுனப்ப விழுந்தது சார். ரெண்டு வருசம் ஆச்சு. ரிவர்ஸ் எடுக்கும்போது எறங்கிப் பாக்கணும்ல? பாக்கல." டீயை வைத்துவிட்டு, "செடி ஒரசுனா செடி மேல தப்பு. கல்லுல சாத்துனா ஓட்டுனவன் மேல தப்பு. இந்த ரோட்டுல நாங்க டெய்லி ஓட்டுறோம், டெய்லி ஒரு சொட்டை விழுந்தா வண்டி இருக்குமா?" என்றார்.

பதக்கக் கோஷ்டி இதைக் கேட்டிருக்க வேண்டும். அந்த ரோட்டை நம்பிச் சோறு தின்கிறவர் சொட்டையில் பெருமைப்படவில்லை, கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்தை மச்சான் தலையில் கட்டுகிற அளவுக்குக் கூச்சம். (மச்சானைக் கேட்டால் வேறு கதை சொல்லியிருப்பார் என்பது என் ஊகம்.) கூட்டமாகப் போகிற நம் வார இறுதி ஆட்கள்தான் ஆக்ஸிலேட்டரைத் தரையோடு மிதித்து, பம்பரைப் பாறையில் விட்டு, கிழிந்த பம்பரோடு போட்டோ எடுத்துக்கொள்கிறோம். கோவாவில் 2014-லிருந்து மழைக்காலத்தில் நடக்கிற ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் மாதிரி போட்டி வண்டிகள் வேறு ரகம். அவை உருண்டால் ஆளைக் காக்கிற ரோல் கேஜும் வண்டியை இழுத்தெடுக்கிற வின்ச்சுமாக அதற்கென்றே கட்டின வண்டிகள், உருண்டாலும் நிமிர்த்திவிட்டு ஓட்டுவார்கள். திங்கட்கிழமை பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டிய வண்டியை வைத்துக்கொண்டு அந்த வேஷம் எதற்கு?

பாடியைப் பற்றி ஜீப்காரர்கள் இவ்வளவு அலட்சியமாக இருக்க ஒரு நியாயமான காரணமும் உண்டு. ஜீப், ஜிப்ஸி, தார், கூர்க்கா, ஜிம்னி எல்லாவற்றிலும் அடியில் ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். எஞ்சின், அச்சு, ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் தொங்குகின்றன. பாடி என்பது ரப்பர் புஷ் வைத்து அந்தச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு உட்காரவைத்த பெட்டி. பெட்டியின் ஓரத்தில் சொட்டை விழுந்தால் வண்டியின் நடை மாறாது. சாதாரணக் காரில் அப்படி இல்லை, பாடியே சட்டம். கதவுக்குக் கீழே இருக்கிற அந்தப் படிப்பகுதி பாறையில் உட்கார்ந்து நசுங்கினால் அது அழகுப் பிரச்சினை இல்லை, எலும்பு முறிவு. தவிர பழைய ஜீப்பும் ஜிப்ஸியும் தட்டையான தகடு. என் நண்பனின் ஜிப்ஸியில் விழுந்த சொட்டையை அவனே உள்ளே ஒரு கட்டையை வைத்துச் சுத்தியலால் தட்டி, டிராக்டர் எனாமலைப் பிரஷ்ஷில் அடித்துவிடுவான், செலவு ஒரு டீ. அவனுடைய தத்துவம் அவன் வண்டித் தகட்டிலிருந்து வந்தது, அதை அப்படியே என் வண்டிக்குப் பொருத்தினால் சரிப்படாது என்று ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்தேன்.

2023 நவம்பர். அதே சிறுமலைத் தோட்டம், ஆனால் மழை பெய்து ஓய்ந்த மறுநாள். பாதை செம்மண், மேலே கொஞ்சம் காய்ந்த மாதிரி தெரியும், அடியில் சோப்பு. அதே உண்ணிச்செடி வளைவு வந்தது. இடது பக்கம் செடி, வலது பக்கம் கொஞ்சம் சரிவான ஓரம், அதற்கு அந்தப் பக்கம் காப்பிக்கு நிழல் கொடுக்கிற சில்வர் ஓக் மரங்கள். பாதையின் நடுவில் போனால் இடது பக்கம் உரசும். ஒன்றரை அடி வலதுபக்கம் ஒதுங்கினால் உரசாது. ஒதுங்கினேன். ஏன் ஒதுங்கினேன் என்றால் போன மாசம்தான் வருஷாந்திர பாலிஷ் போட்டிருந்தேன்.

வலது சக்கரங்கள் சரிவு ஓரத்தில் ஏறினதும் பின்பக்கம் மெதுவாக, ரொம்ப மெதுவாக, கீழே இறங்க ஆரம்பித்தது. வேகம் நடக்கிற வேகம்கூட இல்லை. பிரேக்கை மிதித்தேன், மிதித்திருக்கக் கூடாது, நின்ற சக்கரம் இன்னும் சுகமாக வழுக்கும். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பக்கத் தகடு போய் ஒரு சில்வர் ஓக்கில் சாய்ந்தது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, தலையணையில் குத்தின மாதிரி ஒரு 'தொப்'. அந்த நேரத்தில் இறங்கிப் பார்த்திருந்தால் உள்ளங்கை அளவு சொட்டை, அவ்வளவுதான். முன்னால் இருந்த நண்பன் ஓடிவந்தான், "தொடாத, ஆக்ஸிலேட்டரத் தொடாத!" என்று கத்திக்கொண்டே. மரத்தில் சாய்ந்த வண்டியை நகர்த்தக் கூடாது, மேட்டுப்பக்கமாகப் பெல்ட் கட்டிப் பின்பக்கத்தை முதலில் மரத்திலிருந்து பிரிக்க வேண்டும், அதன்பிறகுதான் முன்னால் போக வேண்டும். அவன் வருவதற்குள் நான் முன்னால் எடுத்துவிட்டேன். இரண்டு அடி. பெயிண்ட் மரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே என்ற பதற்றம். உள்ளங்கைச் சொட்டை இரண்டு அடி நீளப் பள்ளமாக, விளக்கு வரைக்கும், மடிப்பு விழுந்துவிட்டது. மரத்துப் பட்டையில் என் வண்டியின் கறுப்பு, வண்டியில் மரத்தின் பழுப்பு.

நண்பன் ஒன்றும் சொல்லவில்லை. பெல்ட்டை மடித்து வைத்துக்கொண்டே, "செடி பக்கமே போயிருக்கலாம்" என்றான். அவ்வளவுதான் சொன்னான், இன்றுவரை அவ்வளவுதான் சொல்லியிருக்கிறான்.

அதன்பிறகு கவனிக்க ஆரம்பித்தேன், காட்டுவழியில் கீறலுக்குப் பயந்து ஒதுங்குகிறவன் நான் மட்டும் இல்லை. எந்தப் பாதையிலும் புதர் நீட்டிக்கொண்டிருக்கிற இடத்தில், சேறு தெறிக்கிற இடத்தில் புதிதாக ஒரு கிளைத்தடம் பிறந்திருக்கும். ஒருவர் ஒதுங்குகிறார், பின்னால் வருகிறவர் அந்தத் தடத்தைப் பிடிக்கிறார், அடுத்த மழைக்கு அதுவும் சேறாகி மூன்றாவது தடம். எட்டு அடிப் பாதை இருபது அடியாகிறது. அமெரிக்காவில் யூட்டா மாநிலத்து மோவாப், 1967-லிருந்து ஈஸ்டர் சமயத்தில் ஜீப்காரர்கள் கூடுகிற ஊர். அங்கே பாதையை விட்டு ஒதுங்காதே என்று தலையில் அடித்துச் சொல்வார்கள், காரணம் அந்தப் பாலை மண்ணின் மேல் பாசியும் நுண்ணுயிரும் சேர்ந்து கட்டின ஒரு கறுத்த பொருக்கு இருக்கிறது. ஒரு டயர் ஏறினால் போச்சு, திரும்ப வளர எத்தனையோ வருஷம் ஆகும். நம் ஊரில் அந்தப் பொருக்கு இல்லை, ஆனால் காப்பிச் செடியின் வேர் இருக்கிறது. தோட்டத்து மாமா அடுத்த வாரம் நான் ஒதுங்கின ஓரத்தைக் கல் அடுக்கிச் சரிசெய்தார் என்று கேள்விப்பட்டேன். என் வண்டிக்கு என்ன ஆச்சு என்று விசாரித்தாராம். தன் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லையாம், அதுதான் எனக்கு உறுத்தல்.

அப்புறம் இன்சூரன்ஸ். இந்த இடத்தில் பலரும் தடுமாறுவதால் கணக்கோடு சொல்கிறேன். பட்டறையில் 9,000 ரூபாய் சொன்னார்கள். கதவு, முன் ஃபெண்டர் என்றால் கழற்றி மாட்டுகிற சாமான், பின்பக்கத் தகடு பாடியோடு வெல்டிங் ஆனது, இழுத்து, பட்டி வைத்து, தேய்த்து, முழுத் தகட்டுக்கும் பெயிண்ட் அடிக்க வேண்டும். எனக்கு அடுத்த வருஷம் மூன்றாவது நோ கிளெய்ம் (கிளெய்மே போடாத) வருஷம், அதாவது சொந்தச் சேதப் பிரீமியத்தில் 35 சதவீதம் தள்ளுபடி. முதல் வருஷம் 20, அப்புறம் 25, 35, 45, கடைசியில் 50 என்று ஏறுகிற படிக்கட்டு. ஒரு கிளெய்ம் போட்டால் கடைசிப்படியிலிருந்து நேராகத் தரைக்கு. என் பிரீமியம் 22,000 பக்கம், அதில் 35 சதவீதம் 7,700. 1,500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் கிளெய்மில் 2,000 ரூபாய் கட்டாயம் நம் கையிலிருந்து. 9,000-ல் 2,000 போனால் எனக்குக் கிடைப்பது 7,000. அதாவது ஏழாயிரத்துக்காக ஏழாயிரத்து எழுநூறை விட்டு, அதற்கடுத்த வருஷம் திரும்ப இருபதிலிருந்து ஏற வேண்டும். போடவில்லை. "பார்க்கிங்ல சுவத்துல உரசிடுச்சுன்னு எழுதுங்க" என்று ஒரு புண்ணியவான் யோசனை சொன்னார். சுவரில் உரசினால் மரப்பட்டை ஒட்டாது, சர்வேயருக்கும் கண் இருக்கிறது. உள்ளதை எழுத முடியாவிட்டால் போடாமல் இருப்பது நிம்மதி. தெரியாதவர்களுக்கு இன்னொன்று, ரேஸ், வேகப் பரிசோதனை மாதிரி விஷயங்களுக்குச் சாதாரண பாலிசி செல்லாது, போட்டியில் கலந்துகொள்கிறவர்கள் படித்துவிட்டு இறங்கவும்.

அடி படாமல் இருக்க முன்னால் ஒரு இரும்புக் கம்பி மாட்டிக்கொள்ளலாமே என்றும் சொல்வார்கள். அந்தக் கம்பியை மாட்டக் கூடாது என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. எதிரே வருகிற ஆளின் இடுப்பெலும்பை நினைத்தால் சரியான முடிவுதான். அடியில் எஞ்சினுக்குத் தகடு போடுவது, பக்கத்தில் சட்டத்தோடு பிடிக்கிற ஸ்லைடர் போடுவது வேறு விஷயம். ஸ்லைடரைப் பற்றிச் சொன்னால் ஃபுட்ஸ்டெப் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு முட்டிவலி, தாரில் ஏறப் படி வேண்டும். அந்தப் படிதான் பாறையில் முதலில் உட்காருவது, உட்கார்ந்தால் மேலே மடங்கிக் கதவைத் திறக்கவிடாது. தெரிந்தவர்கள் எல்லோரும் கழற்றிவிடச் சொன்னார்கள். கழற்றவில்லை. இரண்டு தடவை மடங்கியிருக்கிறது, இரண்டு தடவையும் ஜாக்கி கொடுத்து நிமிர்த்தியிருக்கிறேன். காட்டுக்கு மாசம் ஒரு தடவை போனால் அதிகம், அம்மா கோயிலுக்கு வாரம் இரண்டு தடவை போகிறார்.

பட்டறைக்காரர் பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு வேலை செய்தார். கதவைத் திறந்து, அடி விளிம்பில் இருக்கிற குட்டித் துளைகளில் ஒரு சைக்கிள் ஸ்போக்கை விட்டுக் குடைந்தார். காய்ந்த செம்மண் கட்டியாக விழுந்தது, அதற்குப் பின்னால் பழுப்புத் தண்ணீர், ஒரு டம்ளர் இருக்கும். கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியே போகிற வழி அது. சேற்றில் ஓட்டி வந்து வெளியே பளபளவென்று கழுவிவிட்டு அந்தத் துளையை மறந்தால் கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். "வெளிய இருக்கறத எல்லாரும் பாப்பாங்க சார். இத நீங்கதான் பாக்கணும்." ஆறு மாசம் மைக்ரோஃபைபர் துணியோடு இறங்கியிருக்கிறேன், ஒரு தடவைகூட அங்கே குனிந்து பார்த்ததில்லை. சக்கர வளைவுக்கு உள்ளே, சட்டத்தின் மேல்பக்கம், எல்லா இடத்திலும் பிசுபிசுவென்று மண். இப்போதெல்லாம் காட்டிலிருந்து வந்தால் மேலே தண்ணீர் அடிப்பதற்கு முன்னால் படுத்துக்கொண்டு அடியில் அடிக்கிறேன். அப்பார்ட்மென்ட் வாட்ச்மேன் முதல் தடவை நான் விழுந்துவிட்டேன் என்று நினைத்து ஓடிவந்தார்.

கீறலே உறுத்துவதில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உறுத்துகிறது. இப்போதும் உண்ணிச்செடி முள் கதவில் ஏறினால் தோள்பட்டை தானாகக் காதுவரை போகிறது, ஸ்டீயரிங் மட்டும் நகர்வதில்லை. பள்ளத்தை இன்னும் சரிசெய்யவில்லை. பெயிண்ட் உடைந்த இரண்டு இடத்தில் மட்டும் பட்டறைக்காரர் பிரைமர் தொட்டு வைத்திருக்கிறார், சாம்பல் நிறத்தில் இரண்டு திட்டு. அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிப்போகிறது.

போன ஆயுத பூஜைக்கு அம்மா சந்தனக் கிண்ணத்தோடு கீழே வந்தார். முன்னால் பானெட்டில் மூன்று பொட்டு, நாலு சக்கரத்துக்கும் ஒவ்வொன்று, கதவில் ஒன்று. சந்தனம் தண்ணியாகக் கரைத்துவிட்டார்போல, வைத்த இடத்தில் நிற்காமல் கதவில் வழிந்தது. பின்பக்கம் போனவர் அந்தப் பள்ளத்துக்கு முன்னால் நின்று விரலால் ஒரு தடவை தடவிப் பார்த்தார். அப்புறம் அதன் நடுவிலேயே பெரிதாக ஒரு பொட்டு வைத்து, குங்குமமும் வைத்து, "இங்கதாண்டா ஒழுங்கா நிக்குது" என்றார்.